உலாவியும் துணைநிரல்களும்

வெளி மாநிலங்களில் வாழும் நம்மவருள் பலர், இணையத்தில் தமிழ் எழுத உலாவியின் துணைநிரல்களையே நம்பியிருந்தோம். 2017 நவம்பர் 14-இல் ஃபயர்பாக்ஸின் 57-ஆம் பதிப்பு வெளிவந்தது. அதற்கு மாறிய கணினிகளில் பழைய முறைத் துணைநிரல்கள் யாவும் செயலற்றன. ஊருக்கு மடல் எழுத அமர்ந்தவர், கணினியே பழுதாயிற்றோ என மயங்குவது இயல்பே.

காரணம் எளியது. பழைய துணைநிரல்கள், வாடகை வீட்டுச் சுவரில் குடியிருப்போர் அடித்த ஆணிகளைப் போன்றவை. அவை உலாவியின் உள்ளமைப்பிலேயே பதிந்திருந்தன. சுவரை மாற்றினால் ஆணி நிற்குமோ? புதிய முறையில், உலாவியே சில கொக்கிகளை அமைத்துத் தருகிறது. துணைநிரல்கள் அவற்றில் மட்டுமே தொங்கலாம். உள்ளே மாறுதல் நேரினும் கொக்கிகள் பெரும்பாலும் நிலைத்திருக்கும்.

இனி, மேம்படுத்தியபின் துணைநிரல் இயங்காவிடில் நாம் செய்யத்தக்கன யாவை? முதலில் துணைநிரல்களுக்குரிய பக்கத்தைத் திறந்து, அது முடக்கப்பட்டுள்ளதா என நோக்குக. அதற்குப் புதிய பதிப்பு இருப்பின் பெறுக. இன்றேல் அப்பணியைச் செய்யும் வேறொன்றைத் தேடுக. பழையதை நீக்குமுன் அதன் அமைப்புகளைக் குறித்துக்கொள்க. பலவற்றுள் எது இடர் செய்கிறது என்று விளங்காவிடில், எல்லாவற்றையும் நிறுத்தி, ஒவ்வொன்றாக இயக்கிப் பார்க்க. பழைய உலாவிக்கே திரும்புதல் தகாது. அதன் பாதுகாப்புக் குறைகளைத் திருத்துவார் இலர்.

தமிழ் எழுதுவதற்கோ உலாவியை மட்டும் நம்ப வேண்டுவதில்லை. 2019 மே மாதப் புதுப்பிப்பு முதல், விண்டோஸ் 10 தானே ஒலிவழித் தமிழ் விசைப்பலகையைத் தருகிறது. அதனை இயக்கிக்கொண்டால், உலாவி எத்துணை முறை மாறினும் நம் மடல் தடைப்படாது.