பிறந்த குழந்தையின் முதல் ஐந்து நிமிடங்கள்

பேறுகால அறையின் வாசலில் காத்திருப்போர் முதலில் கேட்க விரும்புவது குழந்தையின் அழுகையையே. அது கேட்டதும் செபமாலை உருட்டும் பாட்டியின் முகம் மலர்கின்றது. அவ்வழுகையோடு நிகழும் மாற்றத்தின் பெருமையை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

கருப்பையில் குழந்தையின் நுரையீரல்கள் நீரால் நிறைந்திருந்தன; பிராணவாயு கொப்பூழ்க்கொடி வழியே வந்தது. பிறந்தவுடன் காற்று உட்புகுகின்றது; நீர் உறிஞ்சப்படுகின்றது; இரத்தம் நுரையீரல்களுக்குப் பெருகிப் பாய்கின்றது; இதயத்தின் மேலறைகளுக்கிடையே இருந்த வழி அடைபடத் தொடங்குகின்றது. படைத்தவரின் கைத்திறனை வியவாதிருக்க முடியுமா?

இம்மாற்றம் செவ்வனே நிகழ்கின்றதா என்பதை அறிய எளிய அளவுகோல் ஒன்றை வகுத்தவர் நியூயார்க் நகரின் மயக்க மருந்து நிபுணர் வர்ஜீனியா அப்கார் அம்மையார். 1953-இல் அவர் வெளியிட்ட இம்முறையைச் செவிலிய மாணவியர் இன்றும் கற்கின்றனர். இதயத்துடிப்பு, மூச்சு, தசைகளின் உறுதி, தூண்டினால் காட்டும் எதிர்ச்செயல், உடலின் நிறம் ஆகிய ஐந்தையும் நோக்கி, ஒவ்வொன்றுக்கும் 0, 1 அல்லது 2 மதிப்பெண் இடுவர். நிமிடத்திற்கு 100-க்கு மேல் இதயம் துடித்தால் 2. அதற்குக் குறைந்தால் 1. துடிப்பே இல்லையெனில் 0. பிறந்து 1 நிமிடத்திலும் 5 நிமிடத்திலும் இவ்வாறு கணக்கிடுவர். மொத்தம் 7-க்குக் குறையாவிடில் அஞ்ச வேண்டியதில்லை. கைகால்கள் சற்றே நீலம் பாரித்திருப்பது இயல்பாதலால், நலமான குழந்தையும் முதல் நிமிடத்தில் முழுப் பத்தும் பெறுவது அரிது.

ஆனால் இவ்வெண்ணைத் தலையெழுத்தாகக் கொள்வோர் உளர். முதல் நிமிடத்தில் நான்கே பெற்ற குழந்தை மந்த புத்தியுடையதாகும் என்று உறவினர் பேச, பெற்ற தாய் இரவெல்லாம் கண்ணீர் வடிக்கிறாள். இது பெருந்தவறு. குழந்தையின் அறிவையோ எதிர்காலத்தையோ இவ்வெண் முன்னறிவிப்பதில்லை. அந்நேரத்து நிலையை மட்டுமே காட்டுகின்றது. தக்க உதவி கிடைத்தால் ஐந்தாம் நிமிடத்திற்குள் அது உயர்வதே பெரும்பான்மை. அப்போதும் குறைந்திருப்பின் மருத்துவரின் தொடர் கவனிப்பு வேண்டும். மூச்சுவிடாத குழந்தைக்கு உதவ எவரும் ஒரு நிமிடம் காத்திருப்பதுமில்லை.

உயிருக்கு ஆபத்தான வேளையில் யாரும் திருமுழுக்கு அளிக்கலாம் என்று திருச்சபை கற்பிக்கின்றது. ஆயினும் அதற்காக மூச்சுக்குச் செய்யும் உதவியை நிறுத்தலாகாது.

குடும்பத்தாருக்கும் கடமையுண்டு. ஈரம் துடைத்த குழந்தையைத் தாயின் மார்போடு அணைத்து வைக்க விடுங்கள். ஈர உடல் விரைவில் குளிர்ந்துவிடும். முதல் மணி நேரத்திற்குள் சீம்பாலைக் கொடுக்கச் செய்யுங்கள். சர்க்கரைத் தண்ணீரும் சேனையும் வேண்டா. குளிப்பாட்டுவதை ஒரு நாள் தள்ளிவையுங்கள். குழந்தை பால் குடிக்க மறுத்தாலும், மூச்சு இரைத்தாலும், முதல் நாளிலேயே உடல் மஞ்சளித்தாலும் தாமதியாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

மதிப்பெண் நான்கோ பத்தோ, இறைவன் நம் கையில் ஒப்படைத்த உயிர் அது. அதனை நன்றியோடு ஏற்று, கருத்தோடு காப்போம்.