தங்கமீன் தொட்டியில் யாரை யாரோடு சேர்க்கலாம்?

வலுவில் ஒவ்வாத இரண்டு மாடுகளை ஒரே நுகத்தில் பூட்டினால் உழவு நேராக வராது. எமது விவசாயிகளுக்கு இதை எவரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் மீன்தொட்டி என்று வரும்போது, கடையில் அழகாகத் தெரிந்தவற்றையெல்லாம் வாங்கி ஒன்றாக விடுவதே பெரும்பாலும் நடக்கிறது. சில நாட்களில் வால் கிழிகிறது, மீன் மெலிகிறது, ஒவ்வொன்றாக மிதக்கிறது. ‘தண்ணீர் சரியில்லை’ என்று கிணற்றின்மேல் பழி போடுகிறோம். உண்மையில் பிழை பல வேளைகளில் கூட்டில்தான் இருக்கிறது.

சொந்தக் காணியை விட்டு வந்து, உறவினர் வளவிலோ வாடகை வீட்டிலோ வாழும் குடும்பத்துக்குப் பயிர் செய்ய நிலம் கிடைப்பது அரிது. முற்றத்து நிழலில் ஒரு சீமெந்துத் தொட்டிக்கு இடம் கிடைக்கலாம். பிள்ளைகளின் ஆசைக்காகத் தங்கமீன் வளர்த்தாலும், கடைக்கு விற்பதற்காக வளர்த்தாலும், போட்ட பணம் வீணாகக் கூடாது. வால் கிழிந்த தங்கமீனைக் கடைக்காரர் வாங்கமாட்டார். ஆகவே துணைமீன் தெரிவு பற்றி இங்கு விளக்கமாகப் பார்ப்போம்.

இரு வகைத் தங்கமீன்கள்

தங்கமீன் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே சீனாவில் வளர்க்கப்பட்டது. பின்னர் யப்பானிலும் பல வகைகள் உருவாக்கப்பட்டன. இன்று காணும் தங்கமீன்களை இரு பிரிவாகக் கொள்ளலாம். நீண்ட உடலும் ஒற்றை வாலும் கொண்ட சாதாரண தங்கமீன், கொமற், ஷுபன்கின் ஆகியன ஒரு பிரிவு. இவை விரைவாக நீந்துவன. உருண்டை உடலும் இரட்டை வாலும் கொண்ட ஒறண்டா, றியூக்கின், றஞ்சு, பிளக் மூர், பபிள் ஐ முதலியன மற்றப் பிரிவு. இவற்றையே அலங்காரத் தங்கமீன் என்கிறோம்.

அலங்கார வகை மெதுவாகவே நீந்தும். பிதுங்கிய கண்ணுடைய பிளக் மூருக்குப் பார்வை குறைவு. பபிள் ஐயின் கண்ணுக்குக் கீழுள்ள நீர்ப்பை உராய்ந்தால் உடைந்துவிடும். இவை ஓடித் தப்பவும் மாட்டா, முந்திச் சாப்பிடவும் மாட்டா. இந்தப் பலவீனத்தை மனதில் வைத்தே துணையைத் தேட வேண்டும்.

கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

எந்த மீனை வாங்கு முன்னரும் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்.

முதலாவது, வேகம் ஒத்துப்போகுமா? விரைவாக நீந்தும் மீன் தீனியை முழுதாக விழுங்கிவிடும். தங்கமீன் பட்டினி கிடக்கும்.

இரண்டாவது, வாய் எப்படிப்பட்டது? துணைமீன் வாலைக் கடிக்கும் இனமா என்று பார்ப்பது போலவே, அது தங்கமீனின் வாய்க்குள் அடங்குமா என்றும் பார்க்க வேண்டும். தங்கமீன் சாதுவானது என்பது பாதி உண்மையே. வாய்க்குள் அடங்கும் எதையும் அது விழுங்கும்.

மூன்றாவது, நீர் இரண்டுக்கும் பொருந்துமா? அலங்காரத் தங்கமீனுக்கு ஏறக்குறைய 18 முதல் 24 பாகை செல்சியஸ் வரையான நீர் உகந்தது. எமது தாழ்நிலப் பகுதிகளில் நீர் இதைவிடச் சூடாகவே இருக்கும். சூடு கூடக் கூட நீரில் ஒட்சிசன் குறையும். 20 பாகையில் ஒரு லீற்றர் நீர் 9 மில்லிகிராம் வரை ஒட்சிசனைத் தாங்கும். 30 பாகையில் அது 7.5 மில்லிகிராம் அளவே. சூட்டில் மீனுக்கோ ஒட்சிசன் கூடுதலாகத் தேவைப்படும். ஆகவே நிழலும் காற்றுக் குழாயும் அவசியம், நெருக்கமும் கூடாது.

சேர்க்கக் கூடாதவை

ரைகர் பார்ப் நீண்ட செட்டைகளைக் கண்டால் கடிக்கும். ஏஞ்சல் மீனும் பைற்றர் மீனும் சூடான நீரை விரும்புவன, சண்டைக் குணமும் உடையன. ஒஸ்கார், திலாப்பியா போன்றவற்றை நினைக்கவே வேண்டாம். கோய் காப் குஞ்சாக இருக்கும்போது தங்கமீன் போலத் தோன்றும். ஆனால் அது இரண்டடிக்கு மேலும் வளரக்கூடியது. அதன் இடம் பெரிய தடாகம்.

கண்ணாடியைச் சுத்தமாக்கும் என்று சொல்லி, ‘டாங்க் கிளீனர்’ எனப்படும் உறிஞ்சுவாய் மீனைக் கடைகளில் சேர்த்து விற்பர். அது மெதுவாக நீந்தும் தங்கமீனின் உடலில் ஒட்டி வழுவழுப்பை உறிஞ்சக்கூடும். அந்தப் புண்ணில் நோய் தொற்றும். கொறிடோறஸ் என்ற சிறு கெளிற்று மீன் அமைதியானது. ஆயினும் அதன் செட்டையில் முள் உண்டு. தங்கமீன் அதை விழுங்க முயன்றால் முள் தொண்டையில் சிக்கி இரண்டும் இறக்கலாம்.

கொமற் போன்ற ஒற்றை வால் தங்கமீனையும் அலங்கார வகையோடு சேர்க்க வேண்டாம். தீனிப் போட்டி ஒரு காரணம். குஞ்சு எடுத்து விற்போருக்கு இன்னொரு காரணமும் உண்டு. இரண்டும் ஒரே இனமாதலால் கலந்து பெருகும். விதைநெல்லில் வேறு நெல் கலந்தது போல, குஞ்சுகளில் அலங்கார வடிவம் கெட்டுவிடும்.

சேர்க்கக் கூடியவை

அலங்காரத் தங்கமீனுக்கு மிகச் சிறந்த துணை, அதே அளவுள்ள இன்னொரு அலங்காரத் தங்கமீனே. அதிலும் இணை பார்க்க வேண்டும். ஒறண்டாவும் றியூக்கினும் ஒன்றாக இருக்கலாம். பிளக் மூர், பபிள் ஐ போன்ற கண் குறைபாடு உள்ளவற்றைத் தம்முள் தனியாக வைப்பது நல்லது.

வேறு இனம் வேண்டுமென்றால் வளர்ந்த பிளாற்றி மீனைப் பரீட்சித்துப் பார்க்கலாம். அது சாதுவானது, சுண்ணாம்புப் பாங்கான கிணற்று நீரும் அதற்கு ஒத்துவரும். குஞ்சுகளைத் தங்கமீன் தின்றுவிடும் என்பதை எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். கப்பி சிறியது; அதைத் தனித் தொட்டியில் வளர்ப்பதே இலாபம்.

எத்தனை மீன்?

தங்கமீன் நிறையத் தின்னும், நிறையக் கழிவும் விடும். கழிவிலிருந்து வரும் அமோனியா, மீன் வாங்கும்போது நாம் உயர்த்திப் பார்க்கும் அந்தப் பூவை எரித்துவிடும். முதல் மீனுக்கு 75 லீற்றர், அடுத்து ஒவ்வொன்றுக்கும் 40 லீற்றர் என்று கணக்கிடுங்கள். ஒரு கன அடி நீர் 28 லீற்றர். மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி ஆழமுள்ள தொட்டி 190 லீற்றர் கொள்ளும். அதில் மூன்று அலங்காரத் தங்கமீன்களே வளரலாம். துணைமீன் சேர்த்தால் தங்கமீனைக் குறைக்க வேண்டும்.

புதுத் தொட்டியில் அமோனியாவை மாற்றும் நல்ல பற்றீரியா பெருக நான்கு முதல் ஆறு வாரம் செல்லும். அதுவரை மீனைக் குறைத்து, நீரை அடிக்கடி மாற்றுங்கள். பின்னரும் வாரந்தோறும் கால்வாசி நீரை மாற்ற வேண்டும். அந்த நீரை வீணாக்காதீர்கள். அதிலுள்ள நைதரசன் மிளகாய்க்கும் வாழைக்கும் நல்ல பசளை.

புதுமீன் வந்ததும்

வாங்கிய மீனை உடனே தொட்டியில் விடவேண்டாம். இரண்டு முதல் நான்கு வாரம் வேறு தொட்டியில் வைத்து வெண்புள்ளி, புண், ஒட்டுண்ணிப் புழு உண்டா என அவதானியுங்கள். ஒரு நோய்மீன் முழுத் தொட்டியையும் அழித்துவிடும். சேர்த்த பின் முதல் வாரம் தீனி நேரத்தில் நின்று பாருங்கள். ஒன்று மூலையில் ஒதுங்கினாலோ, வால் ஓரம் கிழிந்தாலோ, அன்றே பிரித்துவிடுங்கள்.

ஒத்துவராத மீனைக் குளத்திலோ வாய்க்காலிலோ விடாதீர்கள். டாங்க் கிளீனர் எமது நாட்டு நீர்த்தேக்கங்களில் ஏற்கெனவே பரவியுள்ளது. அதன் முட்கள் வலையில் சிக்கி வலையைப் பழுதாக்கும். குளத்தை நம்பி மீன்பிடிக்கும் குடும்பங்களுக்கு அது நட்டம். வேண்டாத மீனைக் கடைக்கோ வளர்க்கும் இன்னொருவருக்கோ கொடுங்கள்.

எதைச் சேர்ப்பது என்று ஐயம் வந்தால் ஒன்றையும் சேர்க்காதிருப்பதே நல்லது. மூன்று தங்கமீன்கள் மாத்திரம் உள்ள தொட்டி வெறுமையானதல்ல. அவை அடிபடாமல், பசியாமல், தம் வேகத்தில் வளரும்.