இரும்புச் சைக்கிள் – 7: அம்பத்தூரின் பங்காளி

ஃப்ரேம்தான் சைக்கிள், மற்றதெல்லாம் மாற்றிக்கொள்ளும் சாமான் என்று சென்ற வாரம் காயலான் கடை வாசலில் நிறுத்தியிருந்தேன். இந்த வாரம் பெயிண்ட் என்று அறிவித்தும் இருந்தேன். அதற்குள் ஒரு விஷயம் கையில் சிக்கிவிட்டது. அதைச் சொல்லாமல் பெயிண்டுக்குப் போக மனம் வரவில்லை.

1980-ம் ஆண்டு டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் ஜெயித்தவர் யோப் சூட்டமெல்க் என்கிற நெதர்லாந்துக்காரர். அதற்கு முன் ஐந்து தடவை இரண்டாம் இடத்தோடு வீடு திரும்பியவர். அந்த வருஷமும் பெர்னார் இனோதான் முதலிடத்துக்குரிய மஞ்சள் சட்டையோடு முன்னால் இருந்தார். முழங்கால் வலி தாங்காமல் அவர் பாதியில் விலக, மஞ்சள் சட்டை சூட்டமெல்க்குக்கு வந்தது. மறுநாள் அதைப் போட்டுக்கொள்ள அவர் மறுத்துவிட்டார். இன்னொருவர் வலியில் இறக்கிவைத்ததை உடனே எடுத்து உடுத்தாத அந்த மனசுக்காகவே எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். பாரிஸ் வந்து சேர்ந்தபோது சட்டை அவருடையதாகத்தான் இருந்தது. வயது 33.

அவருடைய அணிக்குப் பெயர் டி.ஐ.-ராலே. ராலே நமக்குத் தெரியும். அந்த டி.ஐ. யார்? நம் அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸின் டி.ஐ.தான் அது! ட்யூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ்.

இந்த வாரம் முழுக்க இதைப் பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இங்கிலாந்தின் குழாய்க் கம்பெனிகள் சில ஒன்றுசேர்ந்து 1919-ல் உருவானது ட்யூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ். 1928-ல் ரெனால்ட்ஸ் அதற்குள் வந்தது. 1946-ல் ஹெர்குலிஸை வாங்கினார்கள். 1949-ல் முருகப்பா குடும்பத்தோடு கைகோத்து நம் ஊரில் டி.ஐ. சைக்கிள்ஸ் ஆஃப் இந்தியாவைத் தொடங்கினார்கள். 1960-ல் ராலேயும் அவர்கள் கைக்குப் போனது. பாரிஸில் ஜெயித்த சைக்கிளும், மயிலாப்பூர் மாட வீதியில் பால் கேன் சுமந்த ஹெர்குலிஸும் பங்காளிகள். ஒரே வீட்டுப் பிள்ளைகள், வேறு வேறு தொழிலுக்குப் போனவர்கள்.

அம்பத்தூரில் சர் ஐவன் ஸ்டெட்போர்டு மருத்துவமனை இருக்கிறது. பெயர்ப் பலகையைப் பார்த்துவிட்டு யாரோ வெள்ளைக்கார டாக்டர் என்று நினைத்துக்கொண்டு போகிறவர்கள் உண்டு. அவர் டாக்டர் இல்லை. சென்னைத் தொழிற்சாலை தொடங்கிய காலத்தில் லண்டனில் ட்யூப் இன்வெஸ்ட்மென்ட்ஸின் தலைவராக இருந்தவர். பிரிட்டிஷ் ரயில்வேயை ஆராய 1960-ல் அந்நாட்டு அரசு போட்ட கமிட்டிக்கும் அவர்தான் தலைவர். அதில் உறுப்பினராக இருந்த ரிச்சர்டு பீச்சிங்தான் பிறகு 1963-ல் 2,000-க்கும் மேற்பட்ட ரயில் நிலையங்களை மூடச் சொல்லி அறிக்கை கொடுத்தவர். சைக்கிளில் ஆரம்பித்து ரயிலுக்கு வந்துவிட்டோம். திரும்பலாம்.

ரெனால்ட்ஸ் என்ற பெயரைத்தான் நீங்கள் முக்கியமாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். பர்மிங்ஹாமில் ஆணி செய்துவந்த குடும்பம். சைக்கிள்காரர்களுக்கு அப்போது ஒரு தீராத தலைவலி இருந்தது. குழாயை மெல்லிசாக்கினால் எடை குறையும். ஆனால் மூட்டில் வைத்துப் பற்றவைக்கும்போது அந்த மெல்லிசு தாங்காது. ஆல்பிரட் ரெனால்ட்ஸ் இதற்குக் கண்ட வழிக்கு 1897-ல் காப்புரிமை பெற்றார். குழாயின் வெளிவிட்டம் நெடுக ஒன்றே. உள்ளே மட்டும் இரண்டு முனையும் தடிப்பு, நடுவில் மெல்லிசு. வெளியிலிருந்து பார்த்தால் எதுவுமே தெரியாது. எவ்வளவு அடக்கமான கண்டுபிடிப்பு! 1935-ல் மாங்கனீசும் மாலிப்டினமும் கலந்த எஃகில் அதே வித்தையைச் செய்து 531 என்று பெயர் வைத்தார்கள். ஜாகுவார் இ-டைப் காரின் முன்பக்கச் சட்டத்துக்குக்கூட அந்தக் குழாய் போனது. சூட்டமெல்க்கின் அணிக்கு இல்கெஸ்டன் ஊரில் ஒரு சின்னப் பட்டறையில் ஃப்ரேம் கட்டினார்கள். அதற்கும் ரெனால்ட்ஸ் குழாய்தான்.

பங்காளி என்று சொன்னதை வைத்து அம்பத்தூர் ஹெர்குலிஸும் 531 என்று யாராவது விற்க வந்தால் நம்பாதீர்கள். இங்கே 1955-லேயே ஆவடியில் ட்யூப் புராடக்ட்ஸ் ஆலை வந்துவிட்டது. அங்கே செய்தது தகட்டைச் சுருட்டி மின்சாரத்தால் விளிம்பை ஒட்டும் குழாய். ரெனால்ட்ஸ் குழாய்க்கு ஒட்டே கிடையாது. ஆவடிக் குழாயில் குறை ஒன்றும் இல்லை. அரிசி மூட்டையும் அதன்மேல் ஒரு ஆளுமாக முப்பது வருஷம் ஓடுவதற்கு அதுதான் சரி. ஆனால் ரேஸ் சைக்கிள் என்று நம்பிப் பணம் கொடுக்கிறவர் இந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொண்டு கொடுக்க வேண்டும்.

எப்படித் தெரிந்துகொள்வது? ஸ்டிக்கரைப் பார்க்காதீர்கள், 531 ஸ்டிக்கர் யார் வேண்டுமானாலும் அச்சடித்து ஒட்டலாம். கச்சேரி ரோடு பக்கத்துச் சந்தில் நான் போகும் மெக்கானிக் சொல்வது ஒன்றுதான்: "சீட் பில்லரை உருவுங்க சார், மத்தது அப்புறம்." உருவிவிட்டு, சீட் குழாய்க்குள் விரலை விட்டுத் தடவுங்கள். நெடுக்காக ஒரு தழும்பு தட்டுப்பட்டால் அது ஒட்டுக் குழாய். அடுத்து, பிளஸ் டூ பிசிக்ஸ் பிராக்டிகலில் பிடித்த அதே வெர்னியர் காலிப்பரால் பில்லரை அளந்துவிடுங்கள். பழைய ரேஸ் சைக்கிள்களில் சீட் குழாயின் வெளிவிட்டம் பெரும்பாலும் 28.6 மில்லிமீட்டர். உள்ளே 27.2 பில்லர் ஆடாமல் பொருந்துகிறதென்றால் குழாயின் கனம் முக்கால் மில்லிமீட்டருக்கும் குறைவு, நல்ல குழாய்தான். 25.4 பில்லர்தான் நுழைகிறதென்றால் அது தடித்த, மலிவான குழாய். பெயிண்டும் பேரும் மாறலாம், இந்த அளவு மாறாது. நடுவில் தகரம் சுற்றிச் சின்ன பில்லரைச் செருகியிருக்கிறார்களா என்று மட்டும் கவனியுங்கள்.

பில்லர் உருவவே வரவில்லையா? சாந்தோம், பெசன்ட் நகர் வீடுகளில் கிடந்த சைக்கிள் என்றால் அதற்கு வாய்ப்பு அதிகம். அலுமினியமும் இரும்பும் உப்பு ஈரத்தில் ஒட்டிக் கிடந்தால் அலுமினியம் பூத்து, குழாய்க்குள் இறுகிவிடும். எண்ணெய் விட்டு இரண்டு நாள் காத்திருந்தும் அசையாவிட்டால் விலையைக் குறைத்துக் கேளுங்கள், அல்லது விட்டுவிடுங்கள்.

கோட்டம் பார்க்க ஒரு நூல் போதும். வடக்கு மாட வீதியில் பூக்கட்டும் நூல் வாங்கிக்கொள்ளலாம். பின்சக்கரம் மாட்டும் இடத்தில் ஒரு முனையைக் கட்டி, முன்கழுத்தைச் சுற்றி, மறுபக்கம் கொண்டுவந்து இறுக்கிக் கட்டுங்கள். சீட் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளி இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். பிறகு முன்கழுத்துக்குச் சற்றுக் கீழே, சாய்வுக் குழாயின் அடிப்பக்கத்தை விரலால் வருடுங்கள். பெயிண்டில் அலை போலச் சுருக்கம் இருந்தால் அந்த வண்டி எதிலோ நேராகப் போய் மோதியிருக்கிறது. என்ன விலைக்குக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். மூட்டில் ஆர்க் வெல்டிங் பண்ணியிருந்தாலும் அப்படித்தான். பித்தளை வைத்துப் பற்றவைத்த மெல்லிசுக் குழாய் அந்தச் சூட்டில் உயிரை விட்டிருக்கும்.

தி.நகர், மந்தைவெளி, அடையாறு காந்தி நகர் பக்கத்துப் பழைய அடுக்குமாடிகளில் படிக்கட்டுக்கு அடியில் காற்றிறங்கி நிற்கும் சைக்கிள்களில் இன்னும் நல்லவை உண்டு. எங்கே நின்றது என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். 2015 டிசம்பரில் கோட்டூர்புரத்தில் தண்ணீருக்குள் நின்ற வண்டிகள் வெளியே துடைத்துப் பளிச்சென்று இருக்கும். தலைகீழாகக் கவிழ்த்துக் குலுக்கினால் சீட் குழாய் வழியே துருத்தூள் கொட்டும். பெடல் அச்சு உட்காரும் அந்த அடிக் கூட்டில்தான் நீர் தேங்கும். அச்சைக் கழற்றி, பால்ரஸை எடுத்துவிட்டு, டார்ச் அடித்துப் பார்க்காமல் பணத்தை எடுக்கவே கூடாது.

பெயிண்ட் கண்டிப்பாக அடுத்த வாரம். ஸ்டர்மி-ஆர்ச்சர் மூன்று கியர் ஹப்பின்மேல் பொறித்திருக்கும் இரண்டு எண்களை வைத்துச் சக்கரத்தின் வயதைக் கண்டுபிடிப்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். அதுவரை ஒரு வேண்டுகோள்: வாங்கிய வண்டியைப் பவுடர் கோட்டிங் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். மேல்பூச்சைச் சுரண்டினால் அடியில் பழைய டிரான்ஸ்பரும் தங்கக் கோடும் கிடைத்த வண்டிகள் உண்டு. மணல் வீச்சில் போய்விட்டால் அது திரும்பாது.

(தொடரும்)