தூதுவளைக் கொடியும் இரண்டு வாரக் கணக்கும்



மழைக்காலமும் பனிக்காலமும் வந்துவிட்டால் நம் வீடுகளில் சளி, இருமல், தொண்டைக் கரகரப்பு ஆகியவை முறைவைத்து ஒவ்வொருவரையும் பிடிக்கின்றன. அப்போது நம் தாய்மார்களின் கை முதலில் தேடுவது தூதுவளை இலையை. ரசமாகவும் துவையலாகவும் சூடான கசாயமாகவும் அது எத்தனையோ தலைமுறைகளாக நம் அடுப்பில் இருந்துவருகிறது. இக்கொடியை விதையிலிருந்து வீட்டிலேயே வளர்ப்பது எப்படி, அதன் இலையில் தேநீர் தயாரிப்பது எப்படி என்று இங்கே எழுதுகிறோம். அதோடு, அந்தத் தேநீரை எந்த இடத்தில் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போகவேண்டும் என்பதையும் சொல்ல விரும்புகிறோம். இரண்டும் சேர்ந்தால்தான் கொடி வளர்ப்பதில் முழுப் பிரயோஜனம் உண்டு.

தூதுவளை கத்தரி, தக்காளி, கண்டங்கத்திரி ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. தாவரவியலார் இதைச் சொலானம் டிரைலோபேட்டம் என்று அழைக்கிறார்கள். தண்டிலும் இலை நரம்பிலும் வளைந்த சிறு முட்கள் இருக்கும். பூ ஊதா நிறம். அருமையாக வெள்ளைப் பூ பூப்பதும் உண்டு. காய் பச்சையாக இருந்து, பழுத்ததும் நல்ல சிவப்பாகும். தரையோடு படர்ந்து மஞ்சள் பழம் பழுக்கும் கண்டங்கத்திரி வேறு செடி. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஆகவே நன்கு தெரிந்த கொடியிலிருந்து மட்டும் விதை எடுங்கள்.

விதைக்கும் முறை

நன்றாகச் சிவந்த பழங்கள் பத்துப் பதினைந்து போதும். அவற்றைத் தண்ணீரில் பிசைந்தால் சதை பிரிந்து, நல்ல விதைகள் அடியில் தங்கும். மேலே மிதப்பதைக் கொட்டிவிடுங்கள். அடியில் தங்கிய விதையை வடித்து, சிறிது அடுப்புச் சாம்பலில் புரட்டி, நிழலில் இரண்டு மூன்று நாள் உலர்த்துங்கள்.

செம்மண், மணல், மக்கிய எரு மூன்றையும் சம அளவில் கலந்து, அடியில் துளையுள்ள தொட்டியிலோ பழைய வாளியிலோ நிரப்புங்கள். விதையைத் தூவி, மெல்லிய போர்வைபோல் மண்ணைத் தூவி மூடினால் போதும். ஆழத்தில் புதைத்தால் முளை மேலே வராது. பூவாளியால் காலையில் தெளித்து ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஆனால் தண்ணீர் தேங்கக் கூடாது. ஏறக்குறைய இரண்டு வாரங்களில் முளை தெரியும். சில விதைகள் இன்னும் சில நாட்கள் எடுத்துக்கொள்ளும். விதைத்த தேதியைக் காலண்டரில் குறித்துவையுங்கள். காலண்டரில் குறிக்கும் இந்தப் பழக்கம் வேறொன்றுக்கும் உதவும் என்பதைப் பின்னர் சொல்கிறோம்.

நாற்று ஐந்தாறு இலை விட்டதும், வெயில் படும் இடத்தில், பெரிய தொட்டிக்கு ஒன்றாக மாற்றி நடுங்கள். வேலியோ நான்கு குச்சிகளோ இருந்தால் கொடி பற்றிக்கொண்டு ஏறும். முள் உள்ள கொடியானதால் குழந்தைகள் ஓடியாடும் வழியில் வைக்கவேண்டாம். ஆவணியில் விதைத்தால், இருமல் மிகும் கார்த்திகை, மார்கழியில் இலை பறிக்கலாம். நுனியைக் கிள்ளக் கிள்ளக் கிளைகள் பெருகும்.

கத்தரியைத் தின்னும் புள்ளிவண்டு இதையும் விடுவதில்லை. இலை சல்லடைபோல் அரிக்கப்பட்டிருந்தால் இலையைத் திருப்பிப் பார்த்து, முட்டையையும் புழுவையும் கையால் எடுத்துவிடுங்கள். மாவுப்பூச்சி வந்தால் வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலோடு கலந்து தெளிக்கலாம். வாயில் போடும் இலைக்கு இரசாயன மருந்து அடிக்கவே வேண்டாம்.

தேநீர் தயாரித்தல்

ஒரு கைப்பிடி இலையைக் கழுவி, நரம்பிலுள்ள முள்ளைக் கத்தியால் சீவி எடுத்துவிடுங்கள். இரண்டு தம்ளர் தண்ணீரில் இலையோடு நான்கு மிளகும் சிறு துண்டு சுக்கும் தட்டிப் போட்டு, ஒரு தம்ளராகச் சுண்டும்வரை கொதிக்கவைத்து வடிகட்டுங்கள். பனங்கற்கண்டு சேர்த்துச் சூடாக அருந்தலாம். நீரிழிவு உள்ளவர்கள் இனிப்பைத் தவிர்க்கவேண்டும். இலையை நிழலில் உலர்த்திப் பொடித்து, ஈரமில்லாத புட்டியிலும் வைத்துக்கொள்ளலாம். காயைக் குழந்தைகள் பறித்துத் தின்னாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கைக்குழந்தைகளுக்குக் கசாயம் எதுவும் கொடுக்கவேண்டாம். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேனும் ஆகாது. கர்ப்பிணிகளும் தினமும் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு அருந்துவது நல்லது.

இது எவ்வளவு தூரம் உதவும்? சூடான பானம் தொண்டைக்கு இதமளித்துச் சளியை இளக்குகிறது என்பது எல்லாருடைய அனுபவம். ஆஸ்துமா நோயாளிகளிடம் தூதுவளைப் பொடியைக் கொடுத்துப் பார்த்த ஒரு சிறு ஆய்வு 1999ஆம் ஆண்டில் வெளிவந்தது. மூச்சு ஓரளவு இலகுவானது. ஆனால் வழக்கமான ஆங்கில மருந்துகள் தந்த பலனைவிடக் குறைவே என்பது அதன் முடிவு. ஆகவே ஆஸ்துமா உள்ளவர்கள் இக்கொடியை நம்பித் தங்கள் மருந்தை நிறுத்திவிடக் கூடாது.

இருமலுக்கும் தேதி குறியுங்கள்

காலண்டர் விஷயத்துக்கு வருவோம். சாதாரணச் சளி இருமல் பெரும்பாலும் தானாகவே தணிந்துவிடும். இரண்டு வாரமாகியும் இருமல் நீடித்தால் காசநோய்க்கான சளிப் பரிசோதனை செய்யவேண்டும் என்பது நம் நாட்டின் காசநோய் ஒழிப்புத் திட்டத்தின் விதி. தூதுவளை விதை முளைக்க எடுக்கும் காலம் எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவுதான் இருமலுக்கு நாம் தரும் தவணை. வீட்டில் ஒருவருக்கு இருமல் தொடங்கினால் அந்தத் தேதியையும் குறித்துவையுங்கள். மாலைக் காய்ச்சல், எடை குறைதல், இரவில் வியர்த்தல் ஆகியவை இருந்தாலும், சளியில் இரத்தம் கண்டாலும், இரண்டு வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம்.

குழந்தைகள் விஷயத்தில் நாள் கணக்கும் போதாது, நிமிடக் கணக்கு வேண்டும். குழந்தை அமைதியாக இருக்கும்போது ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60 அல்லது அதற்கு மேல், இரண்டு மாதம் முதல் ஒரு வயதுவரை 50 அல்லது அதற்கு மேல், ஒன்று முதல் ஐந்து வயதுவரை 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது நிமோனியாவாக இருக்கலாம். மூச்சை இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலும், குழந்தை பால் குடிக்க மறுத்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

காசநோய் என்றதும் பயமும் வெட்கமும் நம்மிடம் இன்னும் போகவில்லை. கசாயத்தின் பின்னால் மறைந்துகொண்டு பலர் மாதக்கணக்கில் தாமதிப்பதற்கு அதுவே காரணம். அதற்குள் அதே வீட்டிலுள்ள பிள்ளைகளுக்கும் நோய் தொற்றிவிடக்கூடும். ஆனால் வியாதியஸ்தரை வீட்டைவிட்டுப் பிரிக்கத் தேவையில்லை என்பதை உலகுக்குக் காட்டியதே நம் சென்னைதான். 1956இல் அங்கே தொடங்கப்பட்ட காசநோய் ஆராய்ச்சி மையம், வீட்டிலிருந்து மருந்து சாப்பிட்டவர்களையும் சானடோரியத்தில் தங்கியவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தது. தவறாமல் மருந்து சாப்பிட்டால் வீட்டிலும் ஏறக்குறைய அதே அளவு குணம் கிடைக்கும் என்று 1959இல் வெளியான முடிவு கூறியது. இன்று சாதாரணக் காசநோய்க்கு ஆறு மாத மருந்து. அரசு சுகாதார நிலையங்களில் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். சத்துணவுக்காக நோயாளிக்கு மாதம் தரப்படும் 500 ரூபாய், 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாயாக உயர்த்தப்பட்டுள்ளது.

காசநோய் மாத்திரைகள் சிலருக்குக் கல்லீரலைப் பாதிக்கக்கூடும். எனவே அவற்றைச் சாப்பிடும் நாட்களில் எந்த மூலிகைக் கசாயத்தையும் மருத்துவரிடம் சொல்லாமல் குடிக்கவேண்டாம்.

ஆகவே நண்பர்களே, இந்த ஆண்டு ஒரு தொட்டியில் தூதுவளை விதையுங்கள். அடுத்த வீட்டுக்காரருக்கும் நான்கு விதை கொடுங்கள். கொடுக்கும்போது, இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் சளியைப் பரிசோதிக்க வேண்டும் என்ற வார்த்தையையும் சேர்த்துக் கொடுங்கள்.