ஜெயித்தவர் படம் இருக்கிறது, சேர்ந்தவர் கணக்கு எங்கே?

1973-ல் அமெரிக்கப் பத்திரிகைகளில் ஒரு முழுப்பக்க விளம்பரம் வரத் தொடங்கியது. கலிபோர்னியாவைச் சேர்ந்த ஜோ கார்போ, சோம்பேறிகள்கூடப் பணக்காரராகும் வழியைச் சொல்வதாகத் தான் எழுதிய புத்தகத்தைத் தபாலில் பத்து டாலருக்கு விற்றார். அந்தப் புத்தகத்துக்குத் தனக்கு ஐம்பது சென்ட்டுக்கு மேல் செலவாகாது என்பதை விளம்பரத்திலேயே சொல்லிவிட்டார். நீங்கள் அனுப்பும் காசோலையை 31 நாட்களுக்கு வங்கியில் போடமாட்டேன் என்றும் வாக்குக் கொடுத்தார். விலையில் ஒளிவு இல்லை, பணத்தைத் திரும்பப் பெறவும் வழி இருந்தது. ஆனால் ஒரு கணக்கை மட்டும் அவர் சொல்லவில்லை. புத்தகத்தை வாங்கிய அத்தனை பேரில் எத்தனை பேர் பணக்காரர் ஆனார்கள்? ஐம்பது ஆண்டுகள் ஓடிவிட்டன. தபாலின் இடத்தில் இணையம் வந்துவிட்டது. பத்து டாலர் பல ஆயிரம் டாலராகிவிட்டது. அந்தக் கணக்கை மட்டும் விற்பவர்கள் இன்றுவரை தாங்களாகச் சொல்வதில்லை. இணையத்தில் சம்பாதிக்கக் கற்றுத்தருவதாகச் சொல்லும் குருமார்களை நம்பலாமா என்று கேட்பவர்கள், அவர்களுடைய நேர்மையையோ பேச்சுத்திறமையையோ எடைபோட வேண்டியதில்லை. மறைத்து வைத்திருக்கும் இந்தக் கணக்கைக் கேட்டால் போதும். அது வெளியே வந்த இடங்களில் எல்லாம் என்ன தெரிந்தது என்பதைப் பார்ப்போம்.

இன்றைய விற்பனை படிப்படியாக நடக்கிறது. முதலில் 99 ரூபாய்க்கு, சில நேரம் இலவசமாகவே, ஒரு வெபினார். நேரலை என்பார்கள், பல சமயம் முன்பே பதிவு செய்த வீடியோதான் ஓடும். பேசுபவரின் பழைய வறுமை, இப்போதைய கார், வங்கிக் கணக்கின் ஸ்கிரீன்ஷாட், அவரிடம் படித்து மாதம் லட்சம் சம்பாதிப்பதாகச் சொல்லும் நாலைந்து பேர் என இரண்டு மணி நேரம் போகும். கடைசியில் விலை வரும். இதன் மதிப்பு ஒரு லட்சம், இன்று இரவுக்குள் சேர்ந்தால் 4,999 மட்டும் என்பார்கள். திரையில் ஒரு கடிகாரம் இறங்கிக்கொண்டே இருக்கும். அதில் சேர்ந்தவருக்கு அடுத்த வாரம் போன் வரும்: கோர்ஸ் மட்டும் போதாது, நேரடி வழிகாட்டுதல் வேண்டும், அதற்கு ஐம்பதாயிரம். வெபினாருக்கு வைக்கும் 99 ரூபாயின் வேலை வருமானம் ஈட்டுவதல்ல, ஆளைப் பிரித்தெடுப்பது. முன்பின் தெரியாதவரிடம் அட்டை எண்ணைத் தரத் தயங்காதவர்கள் யார் என்று அதில் தெரிந்துவிடுகிறது. ஒருமுறை எடுத்த வீடியோவை ஆயிரத்தோராவது ஆளுக்கு விற்க விற்பவருக்கு ஏறக்குறைய செலவே இல்லை. அதனால் செலவெல்லாம் விளம்பரத்துக்குப் போகிறது. விலை எவ்வளவு என்பதைப் பாடத்தின் தரத்தைவிட, வாங்குபவர் எவ்வளவு நெருக்கடியில் இருக்கிறார் என்பதே முடிவு செய்கிறது.

இந்தப் படிக்கட்டில் ஏறியவர்கள் எங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்பதற்கு நீதிமன்றத்தில் பதிவான சாட்சியே உண்டு. மேட் லாயிட் மெக்பீ என்ற ஆஸ்திரேலியர் மலேசியாவிலிருந்து நடத்திய ‘மோப்’ என்ற நிறுவனத்தின் வழக்கு அது. ‘மை ஆன்லைன் பிசினஸ் எஜுகேஷன்’ என்பதன் சுருக்கமே மோப். 49 டாலர் கட்டினால், இணையத் தொழிலில் எளிதாகவும் விரைவாகவும் பெரும் வருமானம் தரும் 21 படிகளைச் சொல்லித் தருவதாக விளம்பரம் செய்தார்கள். 2018 ஜூனில் அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் வழக்குப் போட்டு, நீதிமன்ற உத்தரவோடு அந்த நிறுவனத்தை நிறுத்தியது. கமிஷன் வைத்த குற்றச்சாட்டின்படி, படிகளில் கொஞ்ச தூரம் போனதுமே அடுத்த உறுப்பினர் நிலையை வாங்கச் சொல்லி நெருக்குதல் தொடங்கும். வெள்ளி சுமார் 2,500 டாலர், பிறகு தங்கம், டைட்டானியம், பிளாட்டினம், கடைசியில் வைரம் சுமார் 30,000 டாலர். எல்லாம் சேர்ந்து 60,000 டாலர் வரை போனது. இவ்வளவு கொடுத்து என்ன தொழிலைக் கற்றார்கள்? இதே உறுப்பினர் நிலைகளை இன்னொருவருக்கு விற்கும் தொழிலை. அதிலும், ஒரு நிலையைத் தான் வாங்கியிருந்தால்தான் அந்த நிலையை விற்கும்போது தரகு கிடைக்கும். ஓய்வுபெற்ற முதியவர்கள், ராணுவத்தில் இருந்தவர்கள் எனப் பலரையும் குறிவைத்து வசூலித்த தொகை 12.5 கோடி டாலருக்கு மேல் என்றது கமிஷன். பெரும்பாலானோர் போட்ட பணத்தையே மீட்கவில்லை என்றும் அது சொன்னது.

இந்த வழக்கில் மோசடி, ஏமாற்று என்ற சொற்களைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அதன் கணக்கு. ஒரு உறுப்பினர் பெறும் தரகின் ஒவ்வொரு டாலரும் இன்னொரு உறுப்பினர் பையிலிருந்துதான் வரவேண்டும். நடுவில் நிறுவனம் தன் பங்கை எடுத்துக்கொள்கிறது. அப்படியானால் உறுப்பினர்கள் அனைவரையும் ஒன்றாகக் கூட்டிப் பார்த்தால் அவர்கள் நஷ்டப்பட்டே தீரவேண்டும். எவ்வளவு உழைத்தாலும், எவ்வளவு நம்பிக்கையோடு இருந்தாலும் இது மாறாது. ஒருவர் லாபம் பார்த்தால் வேறு பலர் அதற்காக இழந்திருப்பார்கள். லாபம் பார்த்த அந்த ஒருவரைத்தான் மேடையில் ஏற்றுவார்கள். அவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். அந்த உண்மையை வைத்துக்கொண்டே மற்ற அத்தனை பேரையும் ஏமாற்ற முடியும் என்பதுதான் இந்தத் தொழிலின் பலம்.

மோப் போன்றவை சங்கிலி வியாபாரம், எங்கள் கோர்ஸ் அப்படியல்ல, நாங்கள் நிஜமான தொழிலைத்தான் கற்றுத்தருகிறோம் என்று சிலர் சொல்லலாம். நியாயமான வாதம்தான். பங்குச்சந்தையைக் கற்றுத்தருபவர் தன் மாணவர்களை வேறு மாணவர்களுக்கு விற்பதில்லை. அங்கே கேட்க வேண்டியது, அந்தத் தொழிலில் அவரே என்ன சம்பாதித்தார் என்பதை. 2023 அக்டோபரில் இந்தியப் பங்குச்சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி பிறப்பித்த ஒரு இடைக்கால உத்தரவு இதற்குப் பதில் வைத்திருக்கிறது. ‘பாப் ஆஃப் சார்ட்’ என்ற பெயரில் யூடியூபிலும் டெலிகிராமிலும் பிரபலமாக இருந்த நசிருதீன் அன்சாரி, பங்குச்சந்தைப் பயிற்சி என்ற பெயரில் பதிவு இல்லாமல் முதலீட்டு ஆலோசனை விற்றதாகச் சொல்லி, அப்படி வசூலித்த 17 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட தொகையை ஒப்படைக்கச் செபி உத்தரவிட்டது. அதே உத்தரவில் இன்னொரு விவரமும் இருந்தது. தன்னோடு சேர்ந்தால் லாபம் நிச்சயம் என்று பேசிவந்த அவர், 2021 ஜனவரி முதல் 2023 ஜூலை வரை சொந்த வர்த்தகத்தில் சுமார் 2.89 கோடி ரூபாய் நஷ்டப்பட்டிருந்தார். சந்தையில் இழந்தவருக்கு வகுப்பில் கோடிகள் வந்தன. 2025 டிசம்பரில் இன்னொரு பயிற்சி நிறுவனத்திடமிருந்து செபி முடக்க உத்தரவிட்ட தொகை 546 கோடி ரூபாய். இவை தனிமனிதர்களின் கதை என்றால், மொத்தக் கணக்கும் செபியிடமே இருக்கிறது. 2024 செப்டம்பரில் வெளியான அதன் ஆய்வின்படி, 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வர்த்தகம் செய்த தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டார்கள். இழந்த மொத்தத் தொகை 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். நூற்றில் 93 பேர் தோற்கும் ஆட்டத்துக்குப் பயிற்சி விற்பவர், தன் மாணவர்களில் எத்தனை பேர் மீதி ஏழில் வந்தார்கள் என்று காட்டக் கடமைப்பட்டவர். காட்டுவதோ நாலைந்து ஸ்கிரீன்ஷாட்.

மாணவர்கள் சொல்லும் பாராட்டுக்குச் சாட்சி என்ற மதிப்பே கிடையாதா? டிரம்ப் பல்கலைக்கழகம் என்ற பெயரில் நடந்த ரியல் எஸ்டேட் பயிற்சியைப் பார்க்கலாம். அது பல்கலைக்கழகமும் அல்ல, பெயருக்குரியவர் அதில் பாடம் எடுக்கவும் இல்லை. மூன்று நாள் வகுப்பு 1,495 டாலர், உச்சநிலை வழிகாட்டுதல் சுமார் 35,000 டாலர். வழக்குகள் வந்தபோது அவர்கள் காட்டிய முக்கிய ஆதாரம், மாணவர்களில் 98 சதவீதம் பேர் திருப்தி தெரிவித்தார்கள் என்பது. அந்தப் படிவங்களைப் பெயர் எழுதி, வகுப்பு நடந்த இடத்திலேயே நிரப்பச் சொன்னார்கள் என்று மாணவர் தரப்பு பதில் சொன்னது. வகுப்பு முடிந்த மாலையில் சொல்லும் திருப்திக்கும், ஒரு வருடம் கழித்து வங்கிக் கணக்கு சொல்வதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. வழக்குகள் 2016 நவம்பரில் 2.5 கோடி டாலருக்குச் சமரசத்தில் முடிந்தன. நம் நாட்டிலும் இதே முறை வேறு இடத்தில் பிடிபட்டது. ஐ.ஏ.எஸ். தேர்வில் வென்றவர்களின் படத்தைப் போட்டு லட்சக்கணக்கில் கட்டணம் வாங்கிய பயிற்சி மையங்களை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் விசாரித்தது. படத்தில் இருந்தவர்களில் பலர் அங்கே நேர்முகத் தேர்வுக்கான பயிற்சிக்கு மட்டும் வந்தவர்கள் என்று தெரிந்தது. ஒரே மாணவரை நாலைந்து மையங்கள் தங்கள் மாணவர் என்று போட்டுக்கொள்ள முடிந்ததும் இதனால்தான்.

தோற்றவர்கள் சோம்பேறிகள், சொன்னதைச் செய்யாதவர்கள் என்ற பதில்தான் இந்தத் தொழிலில் அதிகம் கேட்கும் பதில். பாதிக்கப்பட்டவர்களே இதை நம்பி வெட்கத்தில் வாய் திறக்காமல் இருந்துவிடுகிறார்கள் என்பதால் இதற்கு நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும். இணையப் படிப்புகளைப் பெரும்பாலோர் முடிப்பதில்லை என்பது உண்மை. எம்.ஐ.டி.யும் ஹார்வர்டும் நடத்திய இணையப் படிப்புகளை ஆராய்ந்து 2019 ஜனவரியில் ‘சயின்ஸ்’ இதழில் வந்த கட்டுரையின்படி, 2017-18-ல் சேர்ந்தவர்களில் முடித்தவர்கள் சுமார் 3 சதவீதம். கட்டணம் கட்டிச் சான்றிதழுக்குப் பதிந்தவர்களிலும் பாதிப்பேர்கூட முடிக்கவில்லை. உலகின் சிறந்த ஆசிரியர்களின் பாடத்துக்கே இதுதான் நிலை என்பது கோர்ஸ் விற்பவர்களுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் நூறு பேருக்கும் வருமான வாக்குறுதி கொடுத்துப் பணம் வாங்குகிறார்கள். வெற்றி வந்தால் என் பாடம், தோல்வி வந்தால் உன் சோம்பல் என்று முன்கூட்டியே பிரித்துவைத்துவிட்டால், அந்தப் பாடம் பயனற்றது என்று எந்த ஆதாரத்தாலும் நிரூபிக்க முடியாது. மோப் வழக்கோ இந்தப் பதிலைத் தலைகீழாக்குகிறது. அங்கே அதிகம் இழந்தவர்கள் கீழ்ப்படியாதவர்கள் அல்லர். சொன்னபடி ஒவ்வொரு படியாக ஏறி வைரம் வரை போனவர்கள்தான்.

கற்பிப்பது உழைப்பு, அதற்குக் கட்டணம் வாங்குவதில் என்ன தவறு என்று கேட்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. சிதறிக் கிடக்கும் செய்தியைத் தொகுத்து, வரிசைப்படுத்தி, சந்தேகத்துக்குப் பதில் சொல்பவருக்குக் கூலி உண்டு. தையலோ, டேலியோ, வீடியோ எடிட்டிங்கோ சொல்லித் தரும் எத்தனையோ பேர் நியாயமான கட்டணத்தில் நல்ல பாடம் நடத்துகிறார்கள். அவர்கள் கைத்திறனை விற்கிறார்கள், வருமானத்தை விற்பதில்லை. விலை அதிகமா என்று அறிய ஒப்பிட்டுப் பார்க்கலாம். சென்னை ஐ.ஐ.டி. ஒருங்கிணைக்கும் என்.பி.டி.இ.எல். பாடங்களை யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். சான்றிதழ் தேர்வு எழுதினால்தான் கட்டணம். கூகுளும் மெட்டாவும் தங்கள் விளம்பரக் கருவிகளைப் பயன்படுத்தக் கற்றுத்தரும் பாடங்களை இலவசமாகவே வைத்திருக்கின்றன. டிஜிட்டல் மார்க்கெட்டிங்குக்கு ஐம்பதாயிரம் கேட்பவர், இவற்றைவிடத் தன் பாடத்தில் கூடுதலாக என்ன இருக்கிறது என்று சொல்லவேண்டும். அவர் சொல்லும் பதில் ‘வருமானம்’ என்றால், மறுபடியும் அந்தக் கணக்கையே கேட்கவேண்டியிருக்கிறது. கல்லூரிகள் மட்டும் வேலைக்கு உத்தரவாதம் தருகின்றனவா என்ற கேள்வியும் வருகிறது. தருவதில்லை. வேலைவாய்ப்பு எண்ணிக்கையை ஊதிக்காட்டும் கல்லூரிகளும் உண்டு, அவற்றையும் கண்டிக்கத்தான் வேண்டும். ஆனால் கல்லூரியின் பாடத்திட்டம் வெளியே இருக்கிறது, தேர்வைப் பெரும்பாலும் வேறொருவர் நடத்துகிறார், தேர்ச்சி விழுக்காடு அச்சில் வருகிறது. குருவின் கோர்ஸில் பாடம், தேர்வு, முடிவு மூன்றும் அவர் கையிலேயே இருக்கின்றன.

பணத்தைத் திருப்பித் தரும் உத்தரவாதம் இருக்கிறதே என்பார்கள். மோப்பும் தந்தது. கேட்டவர்களுக்குப் பலமுறை மறுக்கப்பட்டது என்பதும் கமிஷனின் குற்றச்சாட்டில் ஒன்று. பிறகு அரசு தலையிட்டு 2022-ல் பாதிக்கப்பட்டவர்களுக்குத் திரும்பக் கொடுத்தது 2.3 கோடி டாலருக்கு மேல். வசூலித்ததில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை.

ஆகவே வழக்கு வந்தபின் பணத்தைத் தேடுவதைவிட, விற்கும்போதே கணக்கைக் கேட்கும் சட்டம் வேண்டும். அமெரிக்காவில் தொழில் வாய்ப்பு விற்பவர்கள் வருமானம் பற்றிப் பேசினால் அதற்கான ஆதாரத்தை எழுத்தில் தரவேண்டும் என்ற விதி 2012 முதல் இருக்கிறது. பயிற்சித் திட்டங்களையும் அதற்குள் கொண்டுவர 2025 தொடக்கத்தில் ஃபெடரல் டிரேட் கமிஷன் முன்மொழிந்தது. இங்கே 2024 நவம்பரில் வந்த பயிற்சி மையங்களுக்கான வழிகாட்டுதல், வென்றவரின் படத்தைப் போடுமுன் அவரது எழுத்துப்பூர்வ ஒப்புதலையும், அவர் எந்தப் படிப்பில் எத்தனை நாள் சேர்ந்தார் என்ற விவரத்தையும் கேட்கிறது. பங்குச்சந்தைப் பாடம் நடத்துவோர் கடந்த மூன்று மாத விலை விவரங்களைப் பயன்படுத்தக்கூடாது என்று 2025 ஜனவரியில் செபி சொன்னது. இவற்றோடு இன்னொன்றும் சேரவேண்டும். வருமானத்தைச் சொல்லிக் கோர்ஸ் விற்பவர், கடந்த ஆண்டு எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் முடித்தார்கள், எத்தனை பேர் கட்டிய தொகையையாவது மீட்டார்கள் என்ற மூன்று எண்களை விலைக்குப் பக்கத்திலேயே போடவேண்டும். கணக்கு வைத்திருக்கவில்லை என்பவர் வருமானத்தைப் பற்றிப் பேசக்கூடாது. அதுவரை, ஏற்கெனவே பணம் கட்டி ஏமாந்தவர்களுக்கு இருக்கும் வழிகளைச் சொல்லவேண்டும். பொய்யான அவசரம் காட்டி விற்பது 2023 நவம்பரில் அறிவிக்கப்பட்ட விதிகளின்படி தடை செய்யப்பட்ட 13 வகைத் தந்திரங்களில் ஒன்று. தவறான விளம்பரத்துக்கு 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முதல் முறை பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தை அழைத்துப் புகார் பதியலாம். அதற்கு வருமான வாக்குறுதி இருந்த விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட்டும், பணம் கட்டிய ரசீதும், பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுதிய மின்னஞ்சலும் கைவசம் இருக்கவேண்டும்.