பிளஸ் ஒன் சைக்கிள்

பள்ளிக்கூடத்தில் வாங்கிய புது சைக்கிளை முதலில் சைக்கிள் கடையில் காட்டிவிட்டுத்தான் பலர் ஓட்டத் தொடங்குகிறார்கள். பெடல், ஹேண்டில் பார், பிரேக் கட்டை எல்லாவற்றையும் ஒருமுறை முறுக்கிக்கொள்வது நல்லது. சக்கரத்தைச் சுழலவிட்டு, ரிம்மை ஒட்டி ஒரு சாக்பீஸைப் பிடித்தால் போதும். கோடு விழுகிற இடத்தில் கோட்டம் இருக்கிறது. அந்தப் பக்கத்து ஸ்போக் கம்பியைக் கொஞ்சம் தளர்த்தி, எதிர்ப்பக்கத்துக் கம்பியை இறுக்க வேண்டும். கால் சுற்று கூடினால் ரிம் மறுபக்கம் சாய்ந்துவிடும். கோட்டம் எடுப்பது பொறுமைக்காரர் வேலை.

2001-02இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்காகத் தொடங்கிய விலையில்லா சைக்கிள் திட்டம், பிறகு அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் மற்ற மாணவ மாணவிகளுக்கும் விரிந்தது. இன்று பிளஸ் ஒன் என்றாலே சைக்கிள்தான்.

மன்னார்குடிக்கும் திருவாரூருக்கும் இடையில் இருக்கும் கூத்தாநல்லூருக்கு இதன் அருமை கூடுதலாகவே தெரியும். சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா என்று பிழைக்கப் போனவர்களின் ஊர் இது. ஆண்கள் அக்கரையில் இருந்தால் பேங்க், ரேஷன், மருந்துக்கடை எல்லாம் வீட்டுப் பெண்கள் தலையில்தான். அந்த வீட்டில் சைக்கிள் ஓட்டும் ஒரு பெண் இருந்தால் யாரையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை. சுற்றிலும் மேடு பள்ளம் இல்லாத நெல்வயல் பூமி. சைக்கிளுக்கென்றே சமைத்த நிலம். ஆடிக் காற்று மட்டும் படுத்தும். திருவாரூர்ப் பக்கம் போகும்போது முதுகில் கைவைத்துத் தள்ளிவிடும் காற்று, திரும்பும்போது நெஞ்சில் மோதும்.

பெண்கள் சைக்கிளில் ஏறிய கதையில் முதல் மரியாதை புதுக்கோட்டைக்குத்தான். 1990களின் தொடக்கத்தில் அங்கே அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் முன்னின்று ஊக்கம் தந்தார். விவசாயக் கூலிகள், கல்குவாரித் தொழிலாளர்கள், அங்கன்வாடி ஊழியர்கள் என்று ஆயிரக்கணக்கில் கற்றார்கள். பலர் கேட்டு வாங்கியது, பார் வைத்த ஆண்கள் சைக்கிளை. குழந்தையை முன்னால் உட்கார வைக்க அந்தப் பார்தான் வசதி! ஊரார் கேலியைப் பொருட்படுத்தாமல் அவர்கள் மிதித்த துணிச்சலை எத்தனை பாராட்டினாலும் தகும். பத்திரிகையாளர் பி. சாய்நாத் அதை நேரில் பார்த்து எழுதியதால் உலகத்துக்கும் தெரிந்தது.

படிப்புக்கு சைக்கிள் எவ்வளவு உதவும் என்பதற்கு பீகார் சாட்சி. அந்த மாநில அரசு 2006இல் ஒன்பதாம் வகுப்பு மாணவிகளுக்கு சைக்கிள் வாங்கப் பணம் கொடுத்தது. கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் என்ற பொருளியலாளர்கள் ஆராய்ந்தபோது, உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்கள் 32 சதவீதம் கூடியிருந்தார்கள். பள்ளி தூரமாக இருந்த கிராமங்களில்தான் பலன் அதிகம். வயலுக்கு நடுவே சிதறிக் கிடக்கும் டெல்டா கிராமங்களுக்கும் இது அப்படியே பொருந்தும்.

இனி கவனிக்க வேண்டியது சாலையை. தார் முடிகிற இடத்தில் மண் கரைந்து சாலையோரம் படிபோல் இறங்கிவிட்டால், பின்னால் பஸ் ஹாரன் அடித்ததும் ஒதுங்க வழியில்லை. ஐப்பசி மழையில் அந்த ஓரம் வழுக்கவும் செய்யும். மழைக்காலத்துக்கு முன்பே பள்ளிகளுக்குப் போகும் சாலைகளின் இரு ஓரமும் கிராவல் கொட்டி, தார் மட்டத்துக்கு நிரவித் தர வேண்டும்.