பழுது தீர்ப்போர் கூலியும் நியாயமும்

அரிசியின் விலையை நான்கு கடைகளிற் கேட்டு அறியலாம். துணியின் தரத்தைக் கையாற் பிடித்துப் பார்க்கலாம். வீட்டிலுள்ள கருவியொன்று பழுதுற்றவிடத்து, அதனைச் சீர்செய்ய வந்தவர் எழுதித் தரும் பில்லை மட்டும் எதனோடு ஒப்பிட்டுப் பார்ப்பது? பழுது இன்னதென அறிந்தவர் அவர் ஒருவரே. அதற்குரிய கூலியை விதிப்பவரும் அவரே. நோயைக் காண்பவரும் மருந்தை விற்பவரும் ஒருவராயிருக்குமிடத்து ஐயம் எழுதல் இயல்பாகும். அவ்வையத்தை வீண் வாக்குவாதமாக்காது ஆராய்ந்து தெளியும் வகையை ஈண்டுச் சிறிது விளக்கப் புகுகின்றோம்.

குளிர்மிக்க நாடுகளில் வீடு முழுவதையும் வெப்பப்படுத்தும் கொதிகலன் இன்றியமையாதது. பிரிட்டனில் எரிவாயுக் கொதிகலனைப் பழுது பார்ப்போர் 2009 முதல் ‘கேஸ் சேஃப்’ என்னும் பதிவேட்டில் இடம்பெற்றிருத்தல் வேண்டும். வீட்டார் அவருடைய அடையாள அட்டையைக் கேட்டுப் பார்ப்பது வழக்கம். நம் தமிழ்நாட்டிலோ வீட்டு வெப்பக் கருவி என்பது பெரும்பாலும் குளியலறைச் சுவரில் தொங்கும் கீசரேயாம்.

அக்கீசரும் ஒரு தலைமுறைக்கு முன் செல்வர் வீட்டுப் பொருளாயிருந்தது. இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் ஹூண்டாய்த் தொழிற்சாலை கார் செய்யத் தொடங்கியதும், ஒரகடத்தில் 2010-இல் ரெனால்ட்-நிஸ்ஸான் தொழிற்சாலை திறக்கப்பெற்றதும், ஸ்ரீபெரும்புதூரைச் சூழ்ந்த சிற்றூர்களின் தோற்றத்தை மாற்றின. இன்று மாத்தூர், வல்லம், சுங்குவார்சத்திரம் முதலிய இடங்களில் வாடகைக் குடியிருப்புகள் மலிந்துள்ளன. மார்கழிக் குளிரில் இரவு ஷிப்டு முடிந்து விடியலில் அறைக்குத் திரும்பும் இளைஞர்க்கு வெந்நீர் ஓர் ஆடம்பரமன்று. மேலும், 2019-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் கீசர் பழுதுகளைக் குடியிருப்போர் பொறுப்பிலேயே வைத்திருக்கின்றது. ஆதலின், ஊருக்குப் பணம் அனுப்பி மிஞ்சியதில் வாழும் தொழிலாளியே அந்தப் பில்லையும் செலுத்த வேண்டியவராகின்றார். அது நியாயமானதா என்னும் வினா அவருக்குச் சில நாட் சம்பளத்தைப் பற்றிய வினாவாகும்.

முதலாவது, கருவியின் அமைப்பை அறிதல் வேண்டும். அது கடினமானதன்று. நீர் நிற்கும் தொட்டி. நீரைச் சுடவைக்கும் காயில். வேண்டிய சூடு வந்ததும் மின்சாரத்தை நிறுத்தும் தெர்மோஸ்டாட். அது தவறினும் அளவுமீறிய சூட்டைத் தடுக்கும் கட்-அவுட். மிகுந்த அழுத்தத்தை வெளிவிடும் வால்வு. தொட்டி அரிக்கப்படாவண்ணம் தான் அரிக்கப்படும் மக்னீசியக் கோல். முதன்மையான உறுப்புகள் இவையே. நீர் சூடேறவில்லை என்றவுடன் “காயில் போயிற்று” என்று கேட்பதுண்டு. சிற்சில வேளைகளில் கட்-அவுட் மட்டும் விழுந்திருக்கும். அதற்கும் காரணம் கண்டபின் மீண்டும் அமர்த்தினாற் போதுமானது.

நம் கல்லூரியிற் பௌதிகம் பயின்றோர் ஓமின் விதியை மறந்திரார். அவ்விதி இங்கே பரீட்சைக்கன்றிப் பணப்பைக்கும் உதவுகின்றது. 230 வோல்ட்டில் 2,000 வாட் இழுக்கும் காயிலின் மின்தடை ஏறத்தாழ 26 ஓம் ஆகும். மின்னிணைப்பை முற்றுந் துண்டித்தபின் மெக்கானிக்கையே மல்டிமீட்டரை வைத்து அளந்து காட்டுமாறு கேட்கலாம். அவ்வளவு காட்டி, காயிலிலிருந்து தொட்டிக்கு மின்கசிவும் இல்லையாயின், காயிலை மாற்றக் காரணம் யாதென வினவுதல் முறையே. முள் அசையாவிடின், அன்றி எண் தோன்றாவிடின், அவர் கூற்று மெய்யென்று ஐயமின்றி ஏற்கலாம். ஆழ்துளைக் கிணற்று நீர் கடினநீராயின் சுண்ணாம்புப் படிவு காயிலைப் போர்த்துக்கொள்ளும். அதனைச் சுரண்டிக் கழுவுதல் உழைப்பு மிகுந்த வேலையாதலின், அதற்கெனத் தனிக் கூலி கேட்டால் அஃது ஏமாற்றன்று.

இரண்டாவது, பில்லின் பகுதிகளைப் பிரித்துக் காணல் வேண்டும். வந்து பார்த்ததற்கான கட்டணம், உறுப்பின் விலை, வேலைக்கூலி, வரி என நான்கும் தனித்தனியே எழுதப்பட்டிருத்தல் நன்று. மொத்தத் தொகை மட்டும் எழுதிய சீட்டினால் ஒன்றும் விளங்காது. கணக்கு விளங்குதற்பொருட்டு நாமே சில எண்களை அமைத்துக்கொள்வோம்: வருகைக்கு 300 ரூபாய், காயிலுக்கு 700, கூலிக்கு 400, ஆக 1,400. இதன்மேல் நூற்றுக்கு 18 வீதம் ஜி.எஸ்.டி. 252 கூட்டினால் 1,652 ஆகின்றது. இக்கணக்குச் சரிபோலத் தோன்றும். ஆனால், காயிலின் பெட்டியில் அச்சிட்ட உச்ச விலையே 700 ஆயின், அவ்விலையில் எல்லா வரிகளும் முன்னரே அடங்கியுள்ளன. அதன்மேல் மீண்டும் வரி கூட்டுதல் முறையன்று. எஞ்சிய 700-க்கு மட்டும் 126 ரூபாய் வரி கூட்ட, மொத்தம் 1,526 ஆகும். அன்றியும், வரி வாங்குவோர் தமது 15 இலக்கப் பதிவெண்ணைப் பில்லில் எழுதவேண்டும். தமிழ்நாட்டில் அது 33 என்று தொடங்கும். ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாய்க்கு மேற்படாத சிறு தொழிலாளர் பொதுவாகப் பதிவு செய்துகொள்ள வேண்டுவதில்லை. பதிவில்லாதவர் வரியென்று ஒரு காசும் வாங்கலாகாது.

இனி, தொழிலாளர் பக்கத்து நியாயத்தையும் நோக்குவோம். “பத்து நிமிஷ வேலைக்கு நானூறு ரூபாயா?” என்பார் பலர். ஐ.டி.ஐ.-யில் எலக்ட்ரீஷியன் பயிற்சி 2 ஆண்டுகள். அதன்பின் பல வீடுகளிற் பெற்ற பழக்கமே அவ்வேலையைப் பத்து நிமிஷத்தில் முடிக்கின்றது. பெட்ரோல், கருவிகள், அழைப்பே வாராத நாட்கள், ஈரச்சுவரில் மின்சாரத்தோடு பழகும் ஆபத்து ஆகிய யாவும் அக்கூலியிலிருந்தே ஈடுசெய்யப்பட வேண்டும். விரைவாக முடித்தார் என்பதற்காகக் கூலியைக் குறைப்போமாயின், வேண்டுமென்றே ஒரு மணி நேரம் தாமதிக்குமாறு நாமே அவருக்குக் கற்பித்தவராவோம். நியாயமான கூலி குறைந்த கூலியாகவே இருத்தல் வேண்டுமென்பதில்லை. கேட்டால் காரணம் காட்டத்தக்கதாய் இருத்தலே வேண்டும்.

குறைந்த கூலியே கேடாய் முடிவதும் உண்டு. கெட்ட தெர்மோஸ்டாட்டையும் கட்-அவுட்டையும் விலக்கி, காயிலுக்கு நேராக மின்சாரம் கொடுத்து, சொற்பத் தொகையோடு புறப்படுவோர் உளர். நீர் அன்றைக்குச் சுடும்; பின்னர்த் தடுப்பாரின்றிக் கொதித்துத் தொட்டி வெடிக்கவுங் கூடும். எர்த் கம்பியைத் துண்டித்துவிட்டால் குளிப்பவரின் உயிருக்கே இடையூறு. இத்தகைய வேலையை இலவசமாகச் செய்து தந்தாலும் ஏற்கலாகாது.

ஆகவே, வேலை தொடங்குமுன் தொகையைக் கேட்டு ஒப்புக்கொள்ளுக. உத்தரவாதச் சீட்டை எடுத்துப் பார்க்க. தொட்டிக்கு ஒரு காலமும் காயிலுக்கு வேறொரு காலமும் உத்தரவாதம் இருத்தல் உண்டு. கழற்றிய உறுப்பை வாங்கி வைத்துக்கொள்க. பணம் செலுத்துமுன் கருவியைச் சோதித்துக்கொள்க: 2,000 வாட் காயில் 15 லிட்டர் நீரை 30 பாகையிலிருந்து 60 பாகைக்கு ஏற்ற, கணக்குப்படி ஏறத்தாழ 16 நிமிஷம் போதும், சில நிமிஷம் மிகுதல் இயல்பு, ஒரு மணி ஆகுமாயின் பழுது தீர்ந்திலது.

இவ்வளவுக்குப் பின்னும் அநீதி நேர்ந்ததெனத் தோன்றின், 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். செய்த வேலைக்குப் பில் தர மறுப்பதை 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நேர்மையற்ற வணிக முறைகளுள் ஒன்றாக எண்ணுகின்றது. குறை நேர்ந்த 2 ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாதவிடத்துக் கட்டணமில்லை. தாம் வசிக்கும் இடத்தில், அல்லது பணிபுரியும் இடத்தில் முறையிட அச்சட்டம் இடந்தருவதால், வெளியூரிலிருந்து வந்து ஒரகடத்தில் உழைப்போரும் காஞ்சிபுரத்து ஆணையத்தை அணுகலாம்.

எனினும், வழக்கு மன்றம் கடைசி வழியே. கற்றவர் தாம் அறிந்த ஓமின் விதியையும் வட்டிக் கணக்கையும் தம் அறைத்தோழர்க்கும் அயல்வீட்டார்க்கும் பயன்படுத்துவாராயின், பல பில்கள் சச்சரவின்றித் தீரும். சரியான பில் வந்தவிடத்துப் பேரம் பேசாது முழுத் தொகையையும் மனமுவந்து கொடுப்பதும் அக்கல்வியின் பயனேயாம்.